வாசலில் செருப்பு விடாதீர்கள்

மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில் லோக்கல் ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் இரண்டு பெண்கள் நெல்லைத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"இந்த வெள்ளிக்கிழமை எங்க வீட்டு ஜெபத்துக்கு வரும்போது செருப்ப வாசல்ல விடாத. பையில போட்டு உள்ள கொண்டு வந்துரு. பிளாட் சொசைட்டிக்காரங்க எத்தன பேர் ஜெபத்துக்குக் கூடுதாங்கன்னு எண்ணிப் பாக்காங்க. பாட்டும் சத்தமா வேண்டாம், உதட்ட அசைச்சாப் போதும்."

"நல்ல சபைதான்க்கா. ஊமைச் சபை."

"சிரிக்காதட்டி. போன வாரம் பெல் அடிச்சதும் எனக்கு உசுரே போச்சு. லைட்ட அணைச்சிட்டுல்லா உக்காந்திருந்தோம்."

"பொறவுல்லா தெரிஞ்சுது, வந்தது நம்ம ஸ்டெல்லாக்கான்னு. வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலின்னு ஜெபிக்கச் சொல்ல ஓடி வந்திருக்கு. நாம திறக்கல."

"பைபிள்ல ஆதி சபையும் பயந்து கதவப் பூட்டிட்டுத்தான் இருந்தாங்க."

"ஜெயில்லருந்து தப்பிச்சு பேதுரு வந்து தட்டினப்போ திறந்தாங்கல்லா?"

மூத்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வாரம் பெல் அடிச்சா நீ போய்த் திற. நான் ஜெபம் பண்ணுதேன். எனக்குக் கால் எழும்பாது."