மறுபடி அடைக்குமா?

நீடாமங்கலத்தில் ஏறிய ஒரு விவசாயியும் அவர் மனைவியும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்பு அந்த விவசாயிக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்திருந்தார்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"அது மறுபடி அடைக்குமான்னு ரத்த டெஸ்ட் எப்படிச் சொல்லும்?" என்று அவர் கேட்டார்.

"ரத்தத்துல ஏதோ ஒண்ணு கூடுதலா இருந்தா அடைக்க வாய்ப்பு அதிகமாம். அடைச்சே தீரும்னு இல்லைன்னும் டாக்டர் சொன்னாங்கல்ல?" என்றார் மனைவி.

"நமக்கு எப்படி வந்திருக்கு?"

"கூடுதலாத்தாங்க. நேத்து சாயங்காலமே ரிசல்ட்டை போன்ல அனுப்பிட்டாங்க. நீங்களாவது நிம்மதியாத் தூங்கணும்னுதான் நான் சொல்லலை."

அவர் வெளியே நடவு வயல்களைப் பார்த்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"அதான் நேத்துக் குழம்புல புளி போடவே மறந்துட்டியா?"

அந்த அம்மா சிரிக்கப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தஞ்சாவூர் வர்ற வரைக்கும் நீ கொஞ்சம் கண்ணசரு. நான் எழுப்புறேன்" என்று அவர் தன் தோளைக் காட்டினார்.