ஹாலில் மூன்று குரல்

மாலை ஆறு மணி. சுவா சூ காங் சாலை...

இப்போது அங்கே அடுக்குமாடி கட்ட மண்ணைக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். அன்று கோழிப்பண்ணை, செடிப்பண்ணை, அதைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். அவ்வளவுதான். மழை விட்டிருந்தது. ஒரே ஒரு வேன் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் பண்ணை நாற்றம். மூடினால் சட்டையில் ஒட்டியிருந்த சாம்பிராணியும் மெழுகுவத்தியும். ஓட்டுநரைத் தவிர உள்ளே மூன்று பேர்.

திடீரென்று சூசைநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"கொஞ்சம் வெரசா ஓட்டுங்கண்ணே. ஏழு மணிக்குச் செபம் இருக்கு."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஏழு மணிச் செபத்தை நடத்துகிறவளைத்தான் இப்போது மண்ணில் இறக்கிவிட்டு வருகிறார்கள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்காகச் சொல்கிறேன்... சரி, எனக்காகத்தான். கடை ஷட்டரையும் முழுதாக இறக்க வேண்டாம். ஓட நேர்ந்தால் என் தொப்பை குனியாது.

இதை எனக்குச் சொன்னவன் லாசரஸ். செத்துப் பிழைத்தவரின் பெயரை வைத்துக்கொண்டு, செத்தவர்களைக் கண்டால் வேர்த்துக் கொட்டுகிற ஆள். சூசைநாதன் அவனுடைய அக்கா பிரிஜட்டின் வீட்டுக்காரன். அந்த வேனில் இருந்த மூன்று பேரும் அவர்கள்தான்: சூசை, பிரிஜட், லாசரஸ். கிளமெண்டியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். எண்பத்து நாலாம் வருஷம்.

அடக்கம் செய்யப்பட்டவள் சூசையின் அம்மா, அந்தோனியம்மாள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய், கடைசி அறையில் கட்டிலோடு கிடந்தாள். கூடவே நெஞ்சிரைப்பு. மூச்சு விட்டால் பழைய ஆர்மோனியத்தை யாரோ மிதிப்பது போல இருக்குமாம். ஆனால் ஏழு மணி ஆனால் செபமாலை. அதை மட்டும் விடமாட்டாள்.

செபமாலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மந்திரம் ஒன்றுதான், ஆனால் இரண்டு பாதி. முதல் பாதியை ஒருவர் சொல்ல வேண்டும். மீதிப் பாதியை மற்றவர்கள் பதிலாகச் சொல்ல வேண்டும். பத்துப் பத்தாக ஐந்து பத்து. பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் முதல் பாதி அந்தரத்தில் நிற்கும். அந்தோனியம்மாளுக்கு அது பொறுக்காது.

"எல்லாரும் இருக்கீங்களாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவாள்.

கடைசி அறையில் மூன்று பேர் முட்டி போட இடமில்லை. சூசை ஒரு வழி செய்தான். அவனுக்குக் கருவிகள் என்றால் உயிர். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே சுங்கை ரோடு சந்தைக்குப் போய், உடைந்த ரேடியோக்களுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவான். அங்கேதான் கம்பியில்லாத இண்டர்காம் இரண்டு ஜோடி கிடைத்தது. வெள்ளைப் பெட்டிகள். சுவரில் மின்சாரத்துக்குச் செருகினால் போதும். வீட்டுக்குள் ஓடும் மின்கம்பியிலேயே குரலும் ஓடும்.

ஒரு ஜோடி அம்மா பேசுவதை ஹாலுக்குக் கொண்டுவரும். இன்னொரு ஜோடி ஹாலில் பேசுவதை அம்மாவுக்குக் கொண்டுபோகும். ஹாலில் அம்மாவைக் கேட்கிற பெட்டி காது, அம்மாவிடம் பேசுகிற பெட்டி வாய். அம்மா ஒரு பொத்தானையும் அழுத்த வேண்டாம்.

முதல் வாரம் கூத்து. கீழ்வீட்டிலும் அதே மாதிரி பெட்டி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே..." என்று அம்மா தொடங்குவாள். மாஜோங் சூதாட்டக் கட்டைகள் கலகலவென்று உருளும். "பொங்!" என்று ஒரு சீனக் கிழவர் பதில் சொல்வார். சூசை பெட்டியின் முதுகைக் கழற்றி, சேனலை மாற்றி, இரைச்சல் குறைக்கும் திருகை நகர்த்தி, உள்ளே இருந்த குட்டித் திருகாணியைப் பல்குத்தும் குச்சியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி... எட்டாம் நாள் கிழவர் போய்விட்டார். அம்மாவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம்.

அந்த வருஷம் ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு சீனத் தொடர் நாடகம். பிரிஜட்டுக்குச் சீனம் தெரியாது. அழத் தெரியும், அது போதும். சூசைக்கும் லாசரஸுக்கும் வாள்சண்டை. செபமா, நாடகமா? யோசனை சொன்னது சூசைதான்.

"நாமதான் தினமும் ஒரே பதிலைச் சொல்றோம். ஒரு தடவை கேசட்ல பிடிச்சுட்டா என்ன லா?"

"பாவம்ங்க," என்றாள் பிரிஜட். "எப்பப் பிடிக்கலாம்?"

அந்தோனியம்மாள் செபம் சொல்வது சுவர்க்கடிகாரம் மாதிரி, கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அவளுடைய முதல் பாதிக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு விட்டுவிட்டு, மூன்று பேரும் பக்தியோடு பதிலைப் பதிவு செய்தார்கள். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்..." ஐந்து பத்து. மறுநாள் முதல் வாய்ப் பெட்டிக்கு முன்னால் கேசட் ஓடியது. அம்மா தொடங்குவதை மட்டும் கேட்டு பொத்தானை அமுக்குவார்கள். பிறகு காதுப் பெட்டியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார்கள், நாடகத்துக்கு இடைஞ்சல்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்பத்தான்டா ஒத்துமையா சொல்றீங்க. பிரிஜட்டு, உன் குரல்கூட தூங்கலடி."

பிரிஜட் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாளாம். இதைக் கேட்டபோது நானும் சிரித்தேன். நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. நாடகத்தில் யாரோ யாரையோ மன்னித்துக்கொண்டிருந்தார்கள். கேசட் முடிந்து பொத்தான் டக்கென்று எகிறியது. பிரிஜட் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். கிண்ணம் விழுந்த சத்தம் கேட்டுத்தான் இவர்கள் எழுந்தார்கள்.

அம்மாவின் நல்ல கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது, தண்ணீர்ச் செம்பை நோக்கி. எட்டவில்லை. விரலுக்கு நடுவே செபமாலை மூன்றாம் பத்தில் நின்றிருந்தது. மிச்ச இரண்டு பத்துக்கும் மூன்று பேரும் கேசட்டில் பதில் சொல்லி முடித்திருந்தார்கள்.

டாக்டர் நல்லவர். "சட்டுன்னு போயிருக்கும். அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது," என்றார். மூன்று பேரும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இனி அந்த வேனுக்கு வருவோம். வீடு வந்தார்கள். கால் கழுவினார்கள். விளக்கைப் போட்டார்கள். ஏழு மணி...

காதுப் பெட்டி கரகரத்தது.

சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்த பெட்டி அது. முதலில் மூச்சு. அந்த ஆர்மோனிய மூச்சு. பிறகு...

"எல்லாரும் இருக்கீங்களாடா?"

பிரிஜட் சிலுவை போட்டுக்கொண்டாள். பெட்டி நிதானமாகச் செபத்தைத் தொடங்கியது. முதல் பாதி முடிந்தது. பதிலுக்கு நின்றது. லாசரஸ்தான் முதலில் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்றான். மூன்று பேருமே சொன்னார்கள். கத்திச் சொன்னார்கள்.

"சூசை?" என்றது பெட்டி. "ஏன்டா யாரும் பதில் சொல்லல?"

அவர்கள் குரல் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மூச்சு சீறத் தொடங்கியது.

"சூசை... தண்ணி... தண்ணி கொண்டாடா..."

சூசை செம்போடு கடைசி அறைக்கு ஓடினான். கட்டில் மடக்கி வைத்திருந்தது. பினாயில் வாசம். ஹாலிலிருந்து பெட்டி சத்தம் அங்கேயும் கேட்டது. நகம் பலகையைச் சுரண்டும் சத்தம். தொண்டைக்குள் ஏதோ கொதிக்கும் சத்தம். அது உடனே நிற்கவில்லை. டாக்டர் சொன்னது போல் சட்டென்று நடக்கவில்லை... நெடுநேரம் நடந்தது. இவர்கள் வாள்சண்டை பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்காமல் போனதெல்லாம் இப்போது ஒன்று விடாமல் கேட்டது.

மறுநாள் பெட்டிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். ஏழு மணிக்குப் பெட்டியில்லாமலே அறைக்குள்ளிருந்து கேட்டது. திரும்பச் செருகினார்கள், பெட்டியில் கேட்பது கொஞ்சம் தேவலை. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அன்று இன்னும் தெளிவாகக் கேட்டது.

சூசை வேலைக்குப் போவதை விட்டான். அவனுக்கு ஒரே வெறி: தன் குரலை அம்மாவிடம் எப்படியாவது சேர்த்துவிட வேண்டும். 'நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்மா' என்று ஒரு வார்த்தை. வாய்ப் பெட்டியின் முதுகைத் திறந்து போட்டுக்கொண்டு சேனலை மாற்றினான். இரைச்சல் திருகை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகர்த்தினான். மறுபடியும் பல்குத்தும் குச்சி, மறுபடியும் அந்தத் திருகாணி. தினமும் ஏழு மணிக்கு அதன் மேல் குனிந்து "அம்மா... அம்மா..." என்று கூப்பிடுவான். பதிலுக்குச் சீறல்தான் வரும்.

ஒரு சாயங்காலம் சீறல் சட்டென்று நின்றது.

"யாரது?"

"நான்தாம்மா! சூசை! கேக்குதா?"

பெட்டியில் மூச்சு வேகமெடுத்தது.

"நீ யாருடா?" அவள் குரல் நடுங்கியது. "என் புள்ள ஹால்ல செபத்துல இருக்கான். அவன் நடுவுல எந்திரிக்க மாட்டான். நீ யாரு? கிட்ட வராத... சூசை! டேய் சூசை! ரூமுக்குள்ள யாரோ பேசுறாங்கடா! பயமா இருக்குடா!"

யோசித்துப் பாருங்கள். தன் பிள்ளையிடமிருந்து காப்பாற்றச் சொல்லித் தன் பிள்ளையையே கூப்பிடுகிறாள்.

அவளைச் சமாதானப்படுத்த அவனிடம் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. கேசட்டைப் போட்டு பொத்தானை அமுக்கினான். மூன்று குரலும் ஒத்துமையாகப் பதில் சொல்லின. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"இருக்கீங்களா... அப்பாடா."

அன்று ஐந்து பத்தும் முடித்தாள். மூச்சு திணறவில்லை. கடைசியில் வழக்கம் போல வேண்டுதல்: பிரிஜட் வயிற்றில் ஒரு பிள்ளை தங்க வேண்டும், லாசரஸுக்கு நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும், சூசையின் கண்வலி தீர வேண்டும். ஒரு கோபமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்றான் லாசரஸ்.

அன்றிலிருந்து தினமும் கேசட். போட்டால் நிம்மதியாக முடிப்பாள். போடாவிட்டால் தண்ணீர் கேட்டுச் சாவாள். எந்த ஏமாற்று அவளைச் சாகவிட்டதோ அதையே ஏழு மணி தவறாமல் செய்துகொண்டிருக்க வேண்டும். பிரிஜட்டால் முடியவில்லை. லாசரஸுக்கு அங் மோ கியோவில் வீடு கிடைத்ததும் அவனோடு கிளம்பிவிட்டாள். சூசை தனியாக இருந்தான்.

கேசட் எத்தனை நாளைக்கு வரும்? சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் நகல் எடுத்துப் பார்த்தான். அதற்கு அவள் மசியவில்லை, திணறத்தான் செய்தாள். பழசையே ஓட்டினான். ஒருநாள் இயந்திரம் டேப்பைக் கடித்துவிட்டது. கசங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டுச் செலோடேப்பால் ஒட்டினான். நாலாம் பத்தின் நடுவில் ஒரு பதில் போயிற்று. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

முதல் நாள் அந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். யாரையும் கூப்பிடவில்லை. அடுத்த பதில் வந்ததும் தொடர்ந்தாள்.

மறுநாள் அந்த இடத்தில் கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு, தரையில் ஒரு கால் பதியும் சத்தம். இன்னொரு கால் இழுபடும் சத்தம்... பதில் வந்ததும் நின்றுவிடும். ஒட்டிய இடம் தினமும் இழுபட்டது. இரைச்சல் தினமும் கொஞ்சம் நீண்டது. அந்தக் காலும் தினமும் கொஞ்சம் கூடுதலாக நடந்தது. மூன்று அறை வீடு. கடைசி அறைக்கும் ஹாலுக்கும் நடுவே என்ன பெரிய தூரம்?

லாசரஸ் இதையெல்லாம் தொலைபேசியில்தான் கேட்டான். நேரில் போகவில்லை. நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்; விசாரிக்க ஆள் அனுப்பியிருப்பேன்.

போன மாதம் ஒருநாள், ஏழு மணி தாண்டி அவன் வீட்டுத் தொலைபேசி அடித்தது. சூசைதான். கிசுகிசுவென்று பேசினான். பின்னால் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. தன் குரலே தனக்குக் கேட்டது லாசரஸுக்கு.

"மச்சான், டாக்சி பிடிச்சு உடனே வாடா. அக்காவையும் கூட்டிட்டு வா."

"இப்பவா? என்னாச்சு மச்சான்?"

"அம்மா எட்டிப் பாக்கப் போறாங்க. நான் பொட்டி முன்னால முட்டி போட்டு வாயசைச்சுக்கிட்டு இருக்கேன்டா. நிஜமாவே சொல்ற மாதிரி." அவன் அழுதான். "ஆனா குரல் மூணு கேக்குது. ஆள் ஒருத்தன்தான் இருக்கேன்."

லாசரஸ் பிரிஜட்டைப் பார்த்தான். அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் கேசட்டில் குரல்கள் நின்று வெறும் இரைச்சல் தொடங்கியது. அந்த இடம் வந்துவிட்டது. இழுபடும் கால்... ஹால் திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் ஒவ்வொன்றாக நகரும் சத்தம்...

பிறகு அவள் குரல். பெட்டியின் கரகரப்பு இல்லை. நெஞ்சிரைப்பும் இல்லை. சூசையின் தோளுக்குப் பக்கத்தில், தொலைபேசிக் குழலுக்கு மிக அருகில்.

"மத்த ரெண்டு பேரும் எங்கடா?"

சூசை பதில் சொன்னான். அங் மோ கியோவில் லாசரஸின் தெருப் பெயர். பிளாக் எண். மாடி. கதவு எண்... ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், செபம் சொல்கிற குரலில்.