துண்டுக்குள் பேசிய சம்பளம்

ஹனூரிலிருந்து மைசூர் போகும் பஸ்ஸில் முன்சீட்டில் ஓர் அப்பாவும் மகளும் இருந்தார்கள். அவள் லேப் டெக்னீசியன் படிப்பில் சேருவதா வேண்டாமா என்பது மைசூர் வருவதற்குள் முடிவாக வேண்டும். போன வாரம் என் பெண்ணுக்கு ஃபீஸ் கட்டிய நடுக்கம் எனக்கே இன்னும் தீரவில்லை.

“ஃபீஸை வாயில சொல்லாத கண்ணு. துண்டுக்குள்ள கையக் குடு.”

மாட்டுத் தரகர் போலிருக்கிறது. சந்தையில் அவர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள்.

துண்டு அசைந்தது.

“யம்மாடி! இதுக்கு ரெண்டு கறவ மாடு வாங்கிப் போடுவனே!”

“மாட்டுக்குப் பால் வத்திரும். ஜனங்களுக்கு ரத்தம் வத்துமாப்பா?”

“செரி, சம்பளத்தப் புடி.”

மறுபடி அசைந்தது.

“இவ்வளவுதானா? இன்னொரு வெரலையும் சேத்துப் புடி.”

“அப்பா! இதென்ன சந்தையா? ஆஸ்பத்திரியில மொதல்ல அவ்வளவுதான் குடுப்பாங்க. போகப் போக வெரல் ஏறும்.”

சுற்றியிருந்த சீட்டுகளெல்லாம் சிரித்தன. அவள் கை மட்டும் வெளியே வரவில்லை.

“ஏங் கண்ணு முழங்கைய அமுக்கற? அது என்ன கணக்கு?”

“கணக்கில்லப்பா, நரம்பு தேடறேன்.”

“ஆப்டுச்சா?”

“ஆப்டுச்சு!”

“அப்ப யாவாரம் முடிஞ்சுது” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.