ரிவர்ஸ் லைட் எரிந்தது

பழைய வண்டியில் ரிவர்ஸ் லைட் எரியவில்லை என்றால் எல்லாரும் முதலில் பல்பைத்தான் சந்தேகப்படுவார்கள். பல்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விளக்கை பம்பரோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அங்கே துரு ஏறியிருந்தால் எர்த் கிடைக்காது, கரண்ட் ஓடாது. உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்தபிறகு முடுக்கினால் வேலை முடிந்தது.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் தம்பி. என் மருமகள் துர்கா இறந்தது பற்றி நீங்கள் எழுதியிருப்பதை வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். வண்டி பழையது, ரிவர்ஸ் லைட் பழுது, ஓட்டியவர் வயதானவர், காது மந்தம், கால் தவறி ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார், ஆகவே விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். என் வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் அப்படி முடித்தீர்கள் என்று தெரிகிறது. ஆனால் என் வீட்டைப் பற்றித் தவறான செய்தி எங்கேயும் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் நானே வந்தேன்.

அந்த அம்பாசிடர் என் அப்பா வாங்கியது. ரிவர்ஸ் லைட் கம்பெனியில் வந்ததல்ல. பிற்பாடு அவர் கடலூரில் மாட்டியது. விருத்தாசலத்தில் நல்ல குடும்பத்துப் பெண்கள் பலர் மணவறைக்கு அந்த வண்டியில்தான் போனார்கள். துர்காவும் அதில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மகன் ராஜ்மோகன் வேப்பூர் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போன பிறகும் அவள் தாய்வீடு திரும்பவில்லை. குறை சொல்ல முடியாத பெண். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அவர் நினைப்பாகவே இருக்கிறது என்று செராமிக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலைக்குப் போகக் கேட்டாள். நான்தான் அனுமதித்தேன்.

கொஞ்ச நாளில் அவள் அறை அலமாரியில் ஒரு பொம்மை வந்தது. பீங்கான் பொம்மை, கையில் குடம் வைத்த பெண். கம்பெனியில் கொடுத்தார்கள் என்றாள். இருக்கலாம். ஆனால் துர்காவுக்கு முகவாயில் இடது பக்கம் ஒரு மச்சம் உண்டு. பொம்மைக்கும் அதே இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. சூளைக்குப் போகும் முன்னால் தூரிகையால் வைத்த புள்ளி.

நான் எதுவும் கேட்கவில்லை. சந்தேகம் வந்தால் கேட்கக் கூடாது. கேட்டால் எதிராளி ஜாக்கிரதையாகிவிடுவார். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேலை விடும் நேரத்தில் ரயில்வே கேட் பக்கம் டீ குடிக்கப் போக ஆரம்பித்தேன். கேட் அடைத்திருக்கும்போது அவள் ஒரு ஓரமாக நிற்பாள். எதிர் ஓரத்தில் சைக்கிளோடு ஒருவன் நிற்பான். பஞ்சநாதன், அதே கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். பார்க்காமல் நிற்பதற்கு அவ்வளவு கவனம் தேவைப்படுகிறதென்றால், அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது.

பஞ்சநாதனின் பாட்டன் பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டுக்குப் புதுப்பானை கொண்டுவருவார். கொல்லைப் பக்கமாக வந்து, பானையை இறக்கிவைத்து, நெல்லை வாங்கிக்கொண்டு அதே வழியில் போய்விடுவார். மரியாதையான மனிதர். யாரும் அவரை அந்தப் பக்கம் போ என்று சொன்னதில்லை. அவரவர்க்கு அவரவர் வாசல் தெரிந்திருந்த காலம் அது.

பஞ்சநாதனின் அத்தை காசியம்மாள் முன்வாசல் வழியாக வந்தாள். தட்டில் பழமும் பூவும் வைத்திருந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, தட்டை என் முன்னால் வைத்தாள்.

“பொண்ணு கேக்க வந்த எடத்துல ஒரு வா மோராச்சும் குடுப்பீங்களா, இல்ல அதுக்கும் நாளு கெழமை பாக்கணுங்களா?”

என் மனைவி தங்கம்மாள் சிரித்துவிட்டாள். மோர் எடுக்க உள்ளே போனவள் கதவண்டை நின்று என்னிடம் சொன்னாள். “அதுவும் எத்தினி நாளைக்குத்தான் நம்ம மூஞ்சியவே பாத்துகிட்டுக் கெடக்கும்? சரின்னு சொல்லுங்க.”

துர்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீங்க வாணாம்னா வாணாங்க மாமா,” என்றாள்.

அதைச் சொல்லும்போது அவள் கண் என் வாயையே பார்த்தது. வேண்டாம் என்று சொன்னால் அவள் அடங்கியிருப்பாள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஓடிப்போன மருமகள் என்ற பேச்சு தெருவுக்கு வந்துவிட்டால் திரும்பப் போகாது. அதனால் எல்லார் முன்னாலும் சொன்னேன்: “இந்த வூட்டுலருந்து துர்காவ நம்ம வண்டியிலேயே நான் அனுப்பி வெக்கிறேன்.”

அவள் என் காலில் விழுந்து எழுந்தாள். பழமலைநாதர் கோயிலில் கல்யாணம் என்று முடிவானது. கடைத்தெருவில் என்னை நிறுத்திப் பாராட்டினார்கள். அந்தக் காலத்து மனுஷன், ஆனாலும் மனசு எவ்வளவு பெரிசு என்றார்கள். நான் தலையசைத்துக் கேட்டுக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் போகிற வண்டியில் ஒரு பழுதும் இருக்கக் கூடாது. ரிவர்ஸ் லைட் மட்டும் எரியாமல் இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் தங்கம்மாள். அவசியமில்லை என்றேன். முதலில் சொன்னேனே, துரு தேய்த்து முடுக்கிய வேலை, அது நான் செய்தது.

அன்று மத்தியானம் தங்கம்மாள் பத்திரிகை வைக்க பெண்ணாடம் போயிருந்தாள். நான் துர்காவைக் கார் ஷெட்டுக்குக் கூப்பிட்டேன். வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்து நின்றது.

“பின்னால போயி நில்லும்மா. லைட்டு எரியுதான்னு பாரு.”

“செவுத்துக்கும் வண்டிக்கும் நடுவுல எடமே இல்லியே மாமா.”

“ஒரு ஆளு நிக்கலாம்.”

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கவாட்டாக நுழைந்தாள். “கல்யாணப் பொண்ணப் புடிச்சி மெக்கானிக்கு ஆக்கிட்டீங்களே. எங்க வூட்டுல கேட்டா சிரிப்பாங்க,” என்றாள்.

எங்க வூடு என்றாள். அது எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியர் போட்டேன்.

“எரியுதுங்க மாமா. நல்லா பளிச்சுன்னு எரியுது.”

பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். அவள் டிக்கியைத் தட்டினாள். எங்கள் வீட்டில் வண்டி பின்னால் எடுக்கும்போது டிக்கியைத் தட்டினால் நிறுத்து என்று பொருள். ராஜ்மோகன் அவளுக்குப் பழக்கியது. நன்றாகவே தட்டினாள். எனக்குக் காது மந்தம் இல்லை, தம்பி. ஒவ்வொரு தட்டும் கேட்டது. காலும் தவறவில்லை. நான் எதை மிதிக்கிறேன் என்று தெரிந்தே மிதித்தேன். ஓசை நின்ற பிறகுதான் காலை எடுத்தேன்.

நீங்கள் வந்து அளந்தீர்கள், படம் பிடித்தீர்கள். ஒன்று கேட்பீர்கள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. லைட் எரிகிறதா என்று பார்க்க இன்ஜின் ஓட வேண்டியதில்லை, சாவியைத் திருப்பினால் போதும். பின்னால் ஆளும் வேண்டியதில்லை. இருட்டு ஷெட்டில் வெளிச்சம் சுவரில் விழும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாடியில் தெரியும். காலையிலேயே நான் தனியாக அப்படிப் பார்த்துவிட்டேன். நன்றாக எரிந்தது. அதற்குப் பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன்.

அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எங்கள் வீட்டு மருமகளாகவே போனாள். ஊரே வந்தது. கொள்ளிக்குடத்தைப் பஞ்சநாதன் தன் கையால் கொண்டுவந்தான். வாசலில் கூட்டமாக இருந்ததால் கொல்லைப் பக்கமாக வந்து இறக்கிவைத்துவிட்டு, அதே வழியில் போனான். அவன் பாட்டனைப் பார்த்த மாதிரியே இருந்தது. எனக்கு மனசு நிறைந்தது.

அனுப்பி வைக்கிறேன் என்று சொன்ன சொல்லையும் நான் மீறவில்லை. இனி உங்கள் கடமையை நீங்கள் செய்யுங்கள், தடுக்க மாட்டேன். அந்த லைட் விஷயத்தை மட்டும் திருத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் பழுதான வண்டி நின்றது என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது. சாட்சி வேண்டும் என்பீர்கள். துர்கா இருக்கிறாள். எரிகிறது என்று அவள் வாயால்தான் சொன்னாள்.