இருபத்தேழாம் எண் வரைபடம்

கட்டட வரைபடத்தைச் சுருட்டி வைக்கக் கூடாது, ஐயா, ஓரம் மடங்கிவிடும். இந்தக் கல்லூரி அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக எல்லாவற்றையும் தட்டையாகத்தான் அடுக்கி வருகிறேன்.

வடிவமைப்புப் போட்டிக்கு வரும் தாள்களில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும்தான். எது யாருடையது என்ற பட்டியல் என் அலமாரியில் பூட்டியிருக்கும். ஜெயிப்பவருக்கு ஆறு மாதம் வெளிநாட்டுக் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துப் படிக்கும் வாய்ப்பு. பயணக் கடிதங்களைத் தட்டச்சு செய்பவன் நான்தான். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை.

இந்த முறை இருபத்தேழாம் எண்ணை நடுவர்கள் மூவரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மழைநீர் முற்றத்துக்குள் வழிந்திறங்கும் ஒரு மருத்துவமனை. பட்டியலைத் திறக்கவே தேவையில்லை. இங்கேயே படிக்கும் என் மகளின் கை எனக்குத் தெரியாதா?

நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்? அப்பன் அலுவலகத்தில் இருக்கிறான், மகள் ஜெயித்துவிட்டாள் என்பார்கள். போட்டியின் பெயர் கெட்டுவிடும். நடுவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், படத்தில் மாடிப்படிக்கு அடியில் அவள் பெயரின் முதலெழுத்துகளைப் பொடியாக எழுதினேன். பிறகு தலைமை நடுவரிடம் நானே காட்டினேன். விதிப்படி தாள் தள்ளுபடியானது.

சாயங்காலம் அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நான் எழுதவே இல்லப்பா."

"எழுதாம எப்படிம்மா வரும்? அசதியில கை எழுதியிருக்கும்."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. "அப்படித்தான் இருக்கும் போல," என்றாள். தாயில்லாப் பிள்ளை, நான் சொன்னால் நம்புவாள்.

இப்போது அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று பத்துத் தடவை போய்ப் பார்க்கிறாள். வெளியூர்ப் போட்டிகளுக்கு வரைந்தால், அனுப்பும் முன் என்னிடம் நீட்டி, "எங்கயாவது எழுதித் தொலைச்சிருக்கேனா பாருங்கப்பா" என்கிறாள்.

தள்ளுபடியான தாளைப் பார்த்துவிட்டு, அந்த எழுத்து யாருடையது என்று நீங்கள் கேட்டீர்கள். என்னுடையதுதான். அதற்குப் பிறகு வெளியூருக்கென்று அவள் வரைந்த இரண்டிலும் எழுதியது நான்தான். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. எவனும் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனாலும் எழுதிக் காட்டினேன். அவளே கிழித்துப் போட்டாள்.

அவளிடம் சொல்லிவிடாதீர்கள், ஐயா. இந்த நிலைமையில் என்னை விட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?