பாதித் திரி

"வெடி! வெடி! ஓடு!"

கன்னியப்பன் கத்துகிறான். நான் ஓடுகிறேன். பள்ளத்திலிருந்து மேலே ஏறும் பாதை செங்குத்து. காலில் டயர் செருப்பு. இடது கையை இறுக மூடியிருக்கிறேன். உள்ளே பதினோரு பொடிக்கல். ஒன்றுகூட விழக்கூடாது.

மேலே ஒற்றைப் பனைமரம். அதற்குப் பின்னால் குப்புற விழுகிறேன். என் மனைவி பூங்காவனம் முன்பே படுத்திருக்கிறாள். பக்கத்தில் தேசம்மாள். கன்னியப்பனின் மனைவி. இரண்டு பேரும் இரும்புச் சட்டியைத் தலைமேல் கவிழ்த்திருக்கிறார்கள். கன்னியப்பன் கடைசியாக வருகிறான். திரி பற்ற வைப்பவன் அவன்தான். அவன் படுப்பதற்குள் முதல் சத்தம்.

டம்.

ஒரு கல்லைக் கீழே விடுகிறேன்.

டம். இன்னொரு கல். டம். டம். பாறைத்துண்டு ஒன்று பனைமரத்தில் பட்டுத் தெறிக்கிறது. மண் கொட்டுகிறது. டம்.

சுனாமி வந்ததற்கு முந்தைய வருடம். ஆனி மாதம். வெள்ளிக்கிழமை. பகல் பதினொன்றரை இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனியின் டீ சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

அந்தக் கல்பள்ளம் வடக்குப்பட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. நாங்கள் ஏழு பேர் ஒரு செட்டு. மேஸ்திரி கோவிந்தன். கன்னியப்பன் பூங்காவனத்தின் தம்பி. எனக்கு மச்சான். பாறையில் குழி போடுவோம். மருந்து வைத்து, மண் அடைத்து, திரி விடுவோம். வெடித்த பிறகு இறங்கிக் கல்லைப் புரட்டி லாரியில் ஏற்றுவோம். அந்தக் கல் ஜல்லியாகிப் புதுக் கம்பெனிகளின் தரைக்கும் ரோட்டுக்கும் போனது. வல்லம் வடகால் பக்கம் அப்போது நெல்வயல். எங்களுக்கு முன்பு அங்கேதான் நடவும் அறுப்பும். இரண்டு வருடம் மழை இல்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. விளைச்சலில் பங்கு கொடுத்து நாங்கள் வாரத்துக்குப் பயிர் வைத்த நிலத்தை உடையவர் விற்றுவிட்டார். கம்பெனிகளில் ஆள் எடுத்தார்கள். பத்தாவது கேட்டார்கள். நான் ஐந்தாவது. கன்னியப்பன் மூன்றாவது.

எனவே கல்.

அந்த இரண்டு வருடம் எப்படி இருந்தோம் என்று சொல்ல வேண்டும்.

ஒரு வேளைதான் உலை. ரேஷன் அரிசி. காலையில் பழைய தண்ணீர், உப்பு. மாலையில் சோறு. குழம்பு என்று ஒன்று இருந்தால் அது புளியும் மிளகாயும் கரைத்த தண்ணீர். பள்ளத்து ஓரத்தில் பண்ணைக்கீரை முளைத்தால் பெண்கள் வேலை விட்டுப் போகும்போது பறித்து மடியில் கட்டிக்கொள்வார்கள். எங்கள் வீடும் கன்னியப்பன் வீடும் அடுத்தடுத்து. ஒரு வீட்டில்தான் அடுப்புப் பற்ற வைப்பது. இன்னொரு வீட்டுக்குக் கொட்டாங்குச்சியில் கங்கு போகும். விளக்கு சாப்பிட்டு முடிக்கும் வரைதான். சோப்பை நூலால் நான்காக அறுத்து, ஒரு துண்டு முகத்துக்கு மட்டும். மற்றதற்குத் தண்ணீர் போதும்.

பூங்காவனம் தீக்குச்சியைப் பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பாள். மருந்து உதிராமல் பிளக்க வேண்டும். கை நடுங்கக்கூடாது. பத்துக்கு எட்டு சரியாக வரும்.

கன்னியப்பன் பார்த்துவிட்டுச் சிரிப்பான். "அக்கா, அடுத்தது இன்னா? அரிசியையும் ரெண்டாப் பொளப்பியா?"

"நொய்யின்னு கடையில விக்கிறானே, அது இன்னான்ற? நமக்கு முன்னாடியே எவனோ பொளந்துட்டான்."

தேசம்மாள் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிடுவாள். சிரிப்புக்குப் பஞ்சம் இல்லை. அதையும் பதிய வேண்டும்.

இப்படி எதிலும் பாதி. டீயும் பாதி. "ரெண்டு போட்டு நாலாக்குப்பா" என்று கன்னியப்பன் கடைக்காரரிடம் சொல்வான். பீடியைப் பாதியில் அணைத்துக் காதில் செருகுவான். பாதியாக்க முடிந்த எதையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

மருந்துக்கும் திரிக்கும் ஆகும் செலவு எங்கள் கூலியில் பிடிக்கப்படும். அதுதான் அங்கே வழக்கம். கன்னியப்பன் திரியை இரண்டு கையையும் விரித்து அளப்பான். இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை. அது ஒரு குழிக்கு. அடுத்த குழிக்கு நான்கு விரல் கூட்டி வெட்டுவான். அதற்கடுத்த குழிக்கு இன்னும் நான்கு விரல். எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கக்கூடாது. ஒவ்வொன்றாக வெடித்தால்தான் எண்ண முடியும்.

எண்ணுகிற வேலை என்னுடையது. எத்தனை குழியோ அத்தனை பொடிக்கல் கையில். ஒரு சத்தத்துக்கு ஒரு கல் கீழே. கடைசியில் கை காலியாக இருந்தால் உடனே இறங்கலாம். கல் மிஞ்சினால் ஒரு குழி வெடிக்கவில்லை. அரை மணி நேரம் யாரும் இறங்கக்கூடாது. பிறகு கன்னியப்பன் மட்டும் போய் அந்தக் குழியைத் தேடுவான். சிவப்புத் துணி போடுவான். திரும்ப வெடிப்பான்.

நான் அதிகம் பேசாதவன். நாலு பேர் பார்த்தால் பேச்சு வராது. கன்னியப்பன் கிண்டல் செய்வான். "இன்னா மாமா, வாய்க்குள்ள மருந்து வெச்சிகினு கீறியா? தொறந்தா வெடிச்சிடுமா?" எண்ணுகிற வேலையை எனக்குக் கொடுத்தது அதனால்தான். பேச்சில் கவனம் போகாதவன் என்று.

சித்திரை மாதம் ஒரு நாள் நான் வாயைத் திறந்தேன். டீக்கடையில். மேஸ்திரி திரிச் செலவைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். "திரி இவ்ளோ நீளம் எதுக்கு? நாம மேல ஏறிப் படுத்து, பீடியே ஒண்ணு முடிச்சிடலாம் போல. அவ்ளோ நேரம் ஆவுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரு பேசினது? மாமாவா?" என்றான் கன்னியப்பன். "இன்னொருவாட்டி சொல்லு மாமா!"

இன்னொரு முறை சொன்னேன். மேஸ்திரி யோசித்தார். தலையாட்டினார். மறுநாளிலிருந்து திரி பாதியானது. விரல் நுனியிலிருந்து நெஞ்சு வரை. குழிக்குக் குழி நான்கு விரல் வித்தியாசம் ஒரு விரலானது.

அந்த வாரக் கடைசியில் தேசம்மாள் கருவாடு வாங்கினாள். பல மாதத்துக்குப் பிறகு. கங்கில் சுட்டாள். அந்த வாசம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். "அண்ணா, இது உங்க கருவாடு. இன்னும் ரெண்டு வெச்சிக்கங்க" என்று என் தட்டில் போட்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

திரி குறைந்ததும் சத்தங்கள் நெருங்கின. டம், டம் என்று வந்தது டடம் என்று வந்தது. வைகாசியில் ஒரு நாள் கல் ஒன்று மிஞ்சியது. சொன்னேன். அரை மணி நேரம் காத்திருந்தோம். கன்னியப்பன் போய்ப் பார்த்தான். எல்லாக் குழியும் வெடித்திருந்தது. இரண்டு ஒன்றாக வெடித்திருக்கின்றன. நான்கு நாள் கழித்து மறுபடியும் அப்படி. மூன்றாம் முறை லாரி காத்திருக்காமல் அடுத்த பள்ளத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு ஏழு பேருக்கும் கூலி இல்லை. மேஸ்திரி என்னைத் திட்டினார். "காது செவிடாய்யா உனுக்கு? ரெண்டு சேந்து வெடிச்சா தெரியாது?"

அதற்குப் பிறகு நான் ஒன்று செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் பெரிதாகக் கேட்டால் இரண்டு கல்லை விட்டேன். கை சரியாகக் காலியானது. லாரி சரியாகப் புறப்பட்டது. ஒரு மாதம் அப்படிப் போனது.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

டம். ஆறாவது கல். டம். ஏழாவது. அது கொஞ்சம் பெரிதாகக் கேட்ட மாதிரி இருந்தது. இரண்டு விடலாமா என்று நினைப்பதற்குள் அடுத்தது. டம். டம். டம்.

நிற்கிறது. தூசி எழும்புகிறது. மருந்து வாடை. கையைத் திறக்கிறேன். ஒரு கல் இருக்கிறது.

பத்து சத்தம்.

காத்திருக்கிறேன். எதுவும் வரவில்லை. லாரி இரண்டு முறை நீளமாக ஹாரன் அடிக்கிறது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்துகிறார். "யோவ், எறங்குறீங்களா இல்லியா? நான் அடுத்த பள்ளத்துக்குப் போறேன்!"

"ஏகா! எத்தினி?" மேஸ்திரி என்னைக் கேட்கிறார்.

அந்த வாரம் அவர் சொல்லியிருந்தார். இன்னொரு முறை லாரி காலியாகப் போனால் திங்கட்கிழமையிலிருந்து வேறு செட்டு. கன்னியப்பன் வீட்டில் பிள்ளைகளுக்குக்கூட அன்றைக்கு அரிசி இல்லை. எங்கள் வீட்டில் ஒரு வேளைக்கு இருந்தது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். ஏழாவது பெரிய சத்தம்தான். இரண்டு சேர்ந்ததுதான். அப்படி நினைக்கிறேன். அப்படி நினைக்க விரும்புகிறேன்.

"மாமா, சொல்லு." கன்னியப்பன்.

கல்லைக் கீழே விட்டேன்.

"பதினொண்ணு."

"போலாம்! எறங்கு!"

எல்லாரும் இறங்கினோம். பூங்காவனம் தண்ணீர்க் குடத்தோடு பாதையின் நடுவில் நின்றாள். நான் லாரிக்குப் பலகை போட்டுக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் இடது மூலைக்குப் போனான். பாறையில் ஒரு பிளவு. கடப்பாரையை விட்டு நெம்பினான். தேசம்மாள் அவனுக்கு நான்கு அடி பின்னால் சட்டியில் கல் பொறுக்கினாள். அவன் ஏதோ சொன்னான். அவள் நிமிர்ந்தாள். சிரிப்பதற்கு வாயைத் திறந்த மாதிரி இருந்தது. கன்னியப்பன் கடப்பாரையை ஓங்கி இறக்கினான்.

அதுதான் பதினோராவது சத்தம்.

"ஓடு" என்று யாரும் கத்தவில்லை. கத்துகிறவன் அவன்தான்.

தூசி அடங்க வெகுநேரம் ஆனது. தேசம்மாளைத் தூக்கி லாரியில் போட்டோம். அதே லாரி. கல் இல்லாமலே போனது. தண்டலம் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. கன்னியப்பனைத் தூக்க அவசரம் இல்லை. பூங்காவனம் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மாலை நான்கு மணிக்குப் போலீஸ் வந்தது. பனைமரத்தடியில் ஒரு பலகையில் உட்கார்ந்து எழுதினார்கள்.

"எண்ணுறவன் யாரு?"

மேஸ்திரி என்னைக் காட்டினார்.

"எத்தினி சத்தம் கேட்டே?"

மேஸ்திரி அவர்களுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தார். அவர் பார்க்காமல் இருந்திருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதில் அவரைச் சேர்க்க மாட்டேன்.

"பதினொண்ணு சார்."

எழுதிக்கொண்டார்கள். பதினோரு குழியும் வெடித்தது. இறந்தவர் எங்கோ ஒரு பழைய குழியில் மிச்சமிருந்த மருந்தைக் கவனிக்காமல் குத்தினார். தவறு அவருடையது. கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஐந்தாவது படித்தவன். கைநாட்டு வைக்க வேண்டிய அவசியம் இல்லை. தெளிவாகப் போட்டேன்.

தவறு அவருடையது என்றதால் தேசம்மாளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பள்ளத்து முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்தார். பழம் வாங்கி வந்தார். திங்கட்கிழமை வேறு செட்டு வந்தது. எங்களுக்குப் பிறகு அந்தப் பள்ளம் மூன்று வருடம் ஓடியது. இப்போது தண்ணீர் நிற்கிறது. தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமை அதில் துணி துவைக்கிறார்கள்.

தேசம்மாள் ஒரு கம்பெனி கேண்டீனில் தட்டு கழுவுகிறாள். இடது கையால். இத்தனை வருடமும் அவள் அவன்மேல் ஆத்திரமாக இருந்தாள். திவசத்தில்கூடச் சொல்வாள். "பாத்து குத்தியிருந்தா இன்னா? கண்ணு எங்க வெச்சினு இருந்தாரு?" நான் தலை குனிந்து சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

போன தை மாதம் சொன்னேன். அவள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில். முழுவதும் சொன்னேன். டீக்கடையில் நான் சொன்னதிலிருந்து. கருவாடு வரை. கடைசிக் கல் வரை.

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. போனது.

"அப்ப அவரு தப்பு இல்ல."

"இல்லம்மா."

"எத்தினி கேட்டுது உனுக்கு?"

அதுவரை என்னை அவள் நீங்கள் என்றுதான் பேசுவாள்.

"பத்து."

"போலீசுல பதினொண்ணுன்னு எழுதிகீது."

"ஆமாம்."

"அப்ப நீயே எழுது. நெசத்த எழுது. எம் பசங்க படிக்கட்டும்."

எழுதிவிட்டேன். இழந்தது இவ்வளவு.

கன்னியப்பன். வயது முப்பத்து நான்கு. தேசம்மாளின் வலது கையில் மூன்று விரல். வலது கண். பூங்காவனத்தின் இடது காது முழுவதும், வலது காது பாதி. ஏழு பேருடைய வேலை. ஒரு தண்ணீர்க் குடம். ஒரு கடப்பாரை. அதில் முக்கால் பங்கு மட்டும் கிடைத்தது. தேசம்மாள் தன் புருஷன்மேல் ஆத்திரப்பட்டுக் கழித்த வருடங்கள். அவை எத்தனை என்று அவளுக்குத் தெரியும். அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டது.

குழி பதினொன்று. நான் கேட்டது பத்து.