ஜீப்பு வராத நாள்

— அழக்கூடாதும்மா. அழுதா கைக்குட்டைதான் குடுப்பாங்க. பணம் குடுக்க மாட்டாங்க.

— அழுவலீங்க சாரு. சளிங்க. மழ வுட்டாத்தான போவும்.

— சரி. மறுபடியும் மொதல்லருந்து. நான்தான் மெட்ராஸ்லருந்து வர்ற அறக்கட்டளைப் பெரியவர்னு நெனச்சுக்குங்க. உங்க பேரு?

— காளியாயிங்க.

— ஊரு?

— வாழவந்திக்கு மேலீங்க. பஸ்ஸு வாழவந்தியோட நின்னுக்கும். அதுக்கு மேல மண்ணு ரோடு. மழ பேஞ்சா அது ரோடில்லீங்க, ஓடை.

— பாத்தீங்களா ரூபி மேடம்? ஓடை. நாம பக்கம் பக்கமா எழுதினதுல இந்த வார்த்தை இல்லை. சொல்லுங்கம்மா. என்ன நடந்துச்சு?

— எம் பொண்ணு புவனா செத்துப்போச்சுங்க.

— இல்லைம்மா. எடுத்த எடுப்புல அதைச் சொன்னா தலையைக் குனிஞ்சுக்குவாங்க. குனிஞ்சவங்க காதுல எதுவும் ஏறாது. மொதல்ல ஜீப். உங்க ஊருக்கு எந்த வண்டியும் வராது. ரூபி மேடத்தோட டிரஸ்ட் ஜீப் ஒண்ணுதான் வருது. வயித்துப் புள்ளக்காரிங்களை ஏத்தி ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருது. யார் யார் பொழைச்சாங்கன்னு ரெண்டு பேரைச் சொல்லுங்க. அப்புறம்தான் புவனா.

— புவனா கடைசிங்களா?

— கடைசி.

— ஊட்டுலயும் அதுதானுங்க கடைசி.

— சார், போதும். அக்கா டீ குடிக்கட்டும். காலையிலருந்து மூணாவது தடவை சொல்ல வெக்கிறீங்க.

— மேடம், ஒண்ணு கவனிங்க. நான் கம்பெனியில பணம் குடுக்கற பக்கத்து நாற்காலியில உக்காந்தவன். பணம் கேட்டு வர்றவங்க முக்காவாசிப் பேரு கஷ்டத்தைச் சொல்லுவாங்க. கஷ்டம் யார்கிட்ட இல்லை? வேலை யாரு பண்றாங்கன்னுதான் நாங்க பாப்போம். கஷ்டத்தைச் சொன்னவங்களுக்குக் காப்பி குடுத்து அனுப்பிருவோம்.

— நல்ல காப்பிங்களா சாரு?

— நல்ல காப்பிதாம்மா.

— குடுக்கற நாற்காலிய வுட்டுப்போட்டு ஏனுங்க வாங்கற நாற்காலிக்கு வந்தீங்க?

— ரிட்டயர் ஆயிட்டேன். யாரும் வந்து கும்பிடறதில்லை. ஊட்ல பொழுது போகலை.

— அது வாஸ்தவந்தானுங்க.

— சிரிக்காதீங்க ரூபி மேடம். சரிம்மா, புவனாவுக்கு வலி வந்துச்சு. நீங்க போன் பண்ணீங்க. அப்புறம்?

— ஜீப்பு வரலீங்க. காத்திருந்து காத்திருந்து, மத்தியானத்துக்கு மேல தூளி கட்டுனோம். பழைய சீலையில. மூங்கி ரெண்டு பக்கமும் ஆளுவ தூக்குனாங்க. நான் பின்னால வந்தன். பாதித் தூரம் வரைக்கும் ஆயா ஆயான்னு என்னயக் கூப்புட்டுட்டே வந்துச்சு. அப்பறம் கூப்புடல. கெனம் கூடிப்போச்சுன்னு தூக்குனவங்க சொன்னாங்க. கொழந்தையும் உள்ளாறயே.

— அந்தக் கெனம் கூடினதைச் சொல்லுங்க. அதை விட்டுறாதீங்க.

— சார்.

— மேடம், இரக்கமில்லாம பேசலை. வர்றவங்க இன்னிக்குக் கொல்லிமலைக்கும் போறாங்க. ரெண்டு எடம் பாத்துட்டு ஒண்ணுக்குத்தான் குடுப்பாங்க. சரி, முக்கியமான கேள்வி. அதைப் பெரியவரு கேக்காம விடமாட்டாரு. அன்னிக்கு ஜீப் ஏன் வரலை?

— பஞ்சருங்க.

— அதோட நிறுத்தக்கூடாது. பழைய டயரு. மாத்தக் காசில்லை. அங்கதான் நம்ம கோரிக்கை வந்து உக்காருது. டயர், டீசல், டிரைவர் அங்கப்பனுக்குச் சம்பளம். கட்டடம் கேக்கலை, கம்ப்யூட்டர் கேக்கலை. ஓடிட்டிருக்கறது ஓடணும், அவ்வளவுதான். எங்க, சொல்லுங்க.

— பழைய டயருங்க. மாத்தக் காசில்லீங்க. ஆனா நான் பாக்கலீங்களே. ரூபி சிஸ்டரு சொன்னதுதானுங்க.

— அவங்க சொன்னா சரிதானே. இல்லையா மேடம்?

— ம்.

— சத்தமா சொல்லுங்க மேடம். உங்ககிட்டயும் கேப்பாரு.

— பஞ்சர்தான் சார். இருங்க, அங்கப்பன் கூப்பிடறான். சொல்லு அங்கப்பா. சேலம் ஸ்டேஷன்லதான நிக்கறே? ரயில் லேட்டா? எங்க வருதாம்? சரி, நில்லு. அவங்க எறங்கின ஒடனே ஏத்திட்டு வா. வளைவுல பனி இருக்கும், பாத்து.

— பாருங்கம்மா, ஜீப்பையே கீழ அனுப்பியிருக்கோம். கார் வேண்டாம், அந்த ஜீப்புலயே வர்றோம்னு பெரியவர் கடுதாசி போட்டாரு. காசு குடுக்கறதுக்கு முன்னால அந்த வண்டியில உக்காந்து பாக்கணுமாம். அது அவங்க கண்டிஷன். குடுக்கறவங்க எப்பவும் ஒரு கண்டிஷன் வெப்பாங்க. நாம வாங்கறவங்க. சரிங்கன்னு சொல்லணும்.

— நாம கண்டிசன் வெக்கக்கூடாதுங்களா?

— நம்மகிட்ட என்னம்மா இருக்கு, வெக்கறதுக்கு?

— அதுஞ்சரிதானுங்க.

— நான் வர்றதுக்கு முன்னால மேடம் பண்ணின கூத்து தெரியுமா? வேற ஒரு அறக்கட்டளை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் குடுப்பாங்க. அவங்க வெப்சைட்டுல மொதப் பக்கத்துலயே இருக்கு. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. எதையும் பாக்காம இவங்க பாட்டுக்கு விருந்துக்குக் கூப்புடற மாதிரி வாங்க வாங்கன்னுட்டாங்க.

— சார், அது இப்ப வேண்டாமே.

— இதுல என்ன மேடம் இருக்கு? தப்புலருந்துதான கத்துக்கறோம். அவங்க குடும்பத்தோட வந்து எறங்கிட்டாங்கம்மா. அதுல ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவரு. போட்டோ எல்லாம் காட்டினாரு. ஜீப்பு மேல கையை வெச்சுக்கிட்டு, மலர்க்காட்சியில பூ யானை பக்கத்துல நின்னுக்கிட்டு, ஏரியில போட்ல. எல்லாம் சுத்திட்டு, சாப்புட்டுட்டு, நாங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் குடுக்கறதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

— எந்த ஜீப்புலீங்க சாரு?

— நம்ம ஜீப்புதான். வேற எது இருக்கு?

— அக்கா, டீ ஆறுது.

— குடிக்கறனுங்க சிஸ்டரு. ஏனுங்க சாரு, மலர்க்காட்சி தொறந்த அன்னிக்குங்களா?

— தொறந்த அன்னிக்கேதான். கூட்டம்னா கூட்டமாம். மேல ஏறின வண்டி எறங்க முடியலை, எறங்கின வண்டி ஏற முடியலை. ஒவ்வொரு வளைவுலயும் பஸ்ஸு நின்னுச்சாம்.

— ஆமாங்க. ஆரன் சத்தம் மலை பூராக் கேட்டுச்சுங்க.

— நீங்களும் பூப் பாக்க வந்திருந்தீங்களா?

— இல்லீங்க. எறங்கிட்டிருந்தோமுங்க.

— எங்கருந்து?

— மேலருந்துதானுங்க. சிஸ்டரு, போனு அடிக்குதுங்க.

— ம்? ஆமா. ஹலோ. ஐயாக்கண்ணுங்களா? என்னங்க? மெதுவாச் சொல்லுங்க. எப்பருந்து? ரத்தமா? நெறையவா? துணியெல்லாமா? எழுப்பி நடக்க வெக்காதீங்க. எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கைமருந்து எதுவும் வேண்டாம். நூத்தியெட்டுக்குப் போன் போட்டீங்களா? சரி. சரிங்க. நான் கூப்பிடறேன். வெச்சுருங்க.

— எங்கூரு ஐயாக்கண்ணுங்களா?

— ஆமாக்கா. மருமகளுக்கு.

— கவிப்பிரியாவுக்கா? அதுக்கு இன்னும் நாளிருக்குதுங்களே.

— இருக்கு. அதுக்குள்ள ரத்தம் போகுதாம். சார், அங்கப்பனை ஒடனே திரும்பச் சொல்றேன்.

— இருங்க மேடம். நூத்தியெட்டு?

— ஒரு கேஸைக் கொண்டுபோயி சேலத்துல விட எறங்கியிருக்கு. திரும்பி வந்தாலும் வாழவந்தி வரைக்கும்தான். அதுக்கு மேல இந்த மழையில அது ஏறாது.

— வாடகை ஜீப்பு? பஜார்ல நிக்குமே?

— அந்த ரோட்டுக்கு வர்றதில்லைன்னு போன மாசமே சொல்லிட்டாங்க. ஒருத்தனுக்கு ஆக்சில் உடைஞ்சுபோச்சு.

— ரயில் பொம்மிடி தாண்டியிருக்கும் மேடம். அரை மணி நேரத்துல சேலம் வந்துரும். வந்தவங்களை ஏத்திட்டு அங்கப்பன் நேரா மேல வரட்டும். அவங்களை இங்க எறக்கிவிட்டுட்டு அப்படியே போகட்டும்.

— அரை மணி நேரம் ரத்தம் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் சார். நான் நர்ஸு.

— தெரியும் மேடம். எனக்கும் பேத்தி இருக்கு.

— அவங்க டாக்ஸியில வரட்டும். ஸ்டேஷன் வாசல்ல டாக்ஸிக்கா பஞ்சம்?

— டாக்ஸி இருக்கும். ஜீப் எங்கேன்னு கேப்பாரு.

— பிரசவத்துக்குப் போயிருக்குன்னு சொல்லுங்க. அதுக்குத்தானே சார் ஜீப்பே?

— எங்கிட்டயும் அப்படிச் சொல்லியிருக்காங்க மேடம். ஒரு ஊருக்குப் போனேன். வண்டி எங்கன்னேன். நோயாளியை எடுக்கப் போயிருக்குன்னாங்க. நான் என்ன எழுதினேன் தெரியுமா? வண்டி இல்லைன்னு எழுதினேன். அடுத்த ஃபைலை எடுத்தேன்.

— நெஜமாவே போயிருந்திருக்கலாம்.

— போயிருக்கலாம். யாரு கண்டா? கண்ணுல காணாத வண்டிக்கு யாரும் டயர் வாங்கித் தரமாட்டாங்க. மேடம், ஒண்ணு கவனிங்க. தைப் பொங்கலுக்கு மேல நம்மகிட்ட டீசலுக்குக் கிடையாது. அங்கப்பன் ரெண்டு மாசமா சும்மா ஓட்டறான். இவங்களும் போயிட்டா ஜீப்பை வித்துட்டுக் கதவைச் சாத்தணும். அப்புறம் எந்தக் கவிப்பிரியாவுக்கும் ஜீப் கிடையாது. நீங்க ஒரு பொண்ணைப் பாக்கறீங்களா, மலையைப் பாக்கறீங்களா?

— அன்னிக்கும் இப்படித்தான் நெனச்சேன்.

— என்னைக்கு?

— ஒண்ணுமில்லை.

— என்னைக்கு மேடம்?

— சிஸ்டரக் கேக்காதீங்க சாரு. அது சொல்லாது.

— அக்கா.

— அங்கப்பனக் கூப்புடுங்க சிஸ்டரு.

— கூப்பிடறேன். அக்கா, முதல் பிரசவம். நேரம் எடுக்கும். ஒருவேளை ரத்தம் நின்னாலும் நின்னுரும். அரை மணி நேரம்தான. ரயில் வந்துட்டா, சார் சொல்ற மாதிரி...

— புவனாவுக்கும் மொதப் பிரசவந்தானுங்க.

— ஆமாக்கா.

— அன்னிக்கும் நேரம் எடுக்கும்னுதான் போன்ல சொன்னீங்க. வெளக்கெண்ண தடவாதீங்க, கால நீட்டிப் படுக்க வைங்க, ஜீப்பு வந்துரும்னீங்க.

— அக்கா, அன்னிக்கு டயரு...

— பஞ்சருங்க.

— இல்லக்கா. இனிமே என்னால முடியாது. அன்னிக்கு ஜீப்பு மலர்க்காட்சிக்கு...

— பஞ்சருங்க சிஸ்டரு. பழைய டயரு, மாத்தக் காசில்ல. சாரு சொல்லிக் குடுத்தபடியே, அழுவாம, புவனாவக் கடைசியா வெச்சுச் சொல்றன். அந்தப் பெரியவரு எத்தன தடவ கேட்டாலும் சொல்றன். எனக்கும் கண்டிசன் ஒண்ணு இருக்குதுங்க. ஜீப்பு இப்பத் திரும்போணும்.